கம்பமெட்டு எல்லையில் இயற்கை ஒயின் பண்ணை: கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் நடத்த முடியுமா?

சுருளிக்கொடி எழுதியது:

வணக்கம். கேள்வி நீளமானது, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் நிலம் இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இது புதுசு இல்லை. கீழே வீடு, மேலே ஏலக்காடு என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. அப்பா கொடுத்த பன்னீர் திராட்சைப் பந்தல் சுருளிப்பட்டிப் பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் வழியில் வந்த நிலம் கம்பமெட்டுக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில். ஏலம் சரியாக வராத சரிவில் தாட்பூட் பழம் போட்டிருக்கிறோம், பேஷன் ஃப்ரூட் என்று கடையில் விற்கிறார்களே அதுதான். இரண்டு இடத்திலும் ரசாயன மருந்தை விட்டு வருடங்கள் ஆகின்றன. சான்றிதழ் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் பழம் தொட்டால் உதிர்கிற பழம். வெட்டிய அன்றைக்கே லாரி ஏறவேண்டும். அதனால் விலையைச் சொல்வது வியாபாரி, நாங்கள் தலையாட்டவேண்டும். மழை வந்து பழம் வெடித்தால் அதுவும் இல்லை. வெடித்த பழத்தை வரப்பில் கொட்டிவிட்டு வரும்போது எங்கள் இருவருக்கும் வருகிற எண்ணம் ஒன்றுதான்: இதை அழுகாத ஒரு பொருளாக மாற்ற நமக்கு வழி வேண்டும்.

ஐரோப்பாவில் கணவன் மனைவி இரண்டு பேர், கூட ஒரு பிள்ளையோ பாட்டியோ, சின்னத் தோட்டத்தில் இயற்கை முறையில் திராட்சை போட்டு, தாங்களே ஒயின் செய்து, தாங்களே விற்று வாழ்கிறார்கள். கேரளாவில் 2022இல் சிறு ஒயின் ஆலைகளுக்கு விதி கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு 41 வயது, அவருக்கு 46. இரண்டு பேருக்கும் உடம்பில் தெம்பு இருக்கிறது. இதில் இறங்கலாமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏலத்தோட்டம் எழுதியது:

அக்கா, நான் உங்களுக்கு மேல்பக்கத்து ஆள்தான், வண்டன்மேடு. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த 2022 விதியின் தலைப்பிலேயே ‘கேரளாவின் விவசாய விளைபொருட்களிலிருந்து’ என்று இருக்கிறது. சுருளிப்பட்டிப் பழத்தைச் செக்போஸ்ட் தாண்டி மேலே கொண்டுவந்து செய்யலாம் என்ற கணக்கு இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த விதி உங்கள் மேல்தோட்டத்துக்குத்தான், பந்தலுக்கு இல்லை.

இன்னொன்று. உரிமம் வாங்குகிற வரைக்கும் வீட்டில் ‘சும்மா செய்து பார்க்கலாம்’ என்று ஜாடியில் ஊறவைக்க வேண்டாம். கேரளாவில் அப்காரிச் சட்டம், தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஊறல் ஊறல்தான். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயினுக்கே கேரளக் கலால் துறை எச்சரிக்கை விட்டது ஞாபகம் இருக்கும். உரிமம் கேட்டு மனு போடுகிறவர்கள் மேல் ஒரு வழக்கு இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

---

நொதித்தொட்டி எழுதியது:

சகோதரி, நான் நாசிக்கில் ஒயின் ஆலையில் தொட்டிப் பிரிவில் வேலை பார்த்தவன், சொந்த ஊர் சின்னமனூர். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். மணத்துக்கு அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஒயின்காரன் பார்க்கிற முதல் விஷயம் சர்க்கரை. ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும் என்பது பொதுக் கணக்கு. சர்க்கரையைப் பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வோம், நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ எத்தனை கிராம் சர்க்கரை என்பது அது. நம் பக்கம் சந்தைக்கு வெட்டுகிற பழம் 16, 18 பிரிக்ஸில் நிற்கும். அதில் 9, 10 சதவீதம்தான் வரும். ஆல்கஹால் குறைந்த ஒயின் சீக்கிரம் கெட்டுப்போகும், புளித்துக் காடியாகும். 21, 22 பிரிக்ஸ் வரை கொடியிலேயே விடவேண்டும். அப்படி விடுவதற்குப் பந்தலில் கொத்துகளைப் பாதிக்குப் பாதி கிள்ளி எறியவேண்டும். டன் கணக்கில் எடை போட்டு விற்றுப் பழகிய கைக்கு அது லேசில் வராது.

அடுத்தது, இந்த ரகம் கொத்தில் ஒரே சீராகப் பழுக்காது. கருத்த பழத்துக்கு நடுவே சிவப்பாக நாலு, பச்சையாக ரெண்டு இருக்கும். சந்தையில் அது பெரிய குறை இல்லை. ஒயினுக்கு அந்தப் பச்சையும் சிவப்பும் உள்ளே போனால் புளிப்பும் துவர்ப்பும் ஏறும். அதனால் சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாக உட்கார்ந்து எடுக்கவேண்டும். ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைப் பாருங்கள். விதை பச்சையாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். மரப்பழுப்பு நிறத்துக்கு வந்து, கடித்தால் நெறுக்கென்று உடைந்தால் வெட்டலாம். இதற்கு மீட்டர் தேவையில்லை, வாயும் கண்ணும் போதும்.

அப்புறம் சூடு. ஈஸ்ட் வேலை செய்யும்போது சாறு தானாகவே சூடேறும். மணம் நிற்கவேண்டும் என்றால் வெள்ளை ஒயின் முறையில் 15 முதல் 18 டிகிரிக்குள் வைக்கவேண்டும். சிவப்புக்கு 25, 28 வரை விடலாம். கம்பத்தில் சித்திரையில் வெளியே 35க்கு மேல் போகும், தொட்டிக்குள் அதையும் தாண்டும். பன்னீர் மணம் என்பது லினலூல், ஜெரானியால் போன்ற பொருட்கள். சூட்டில் தொட்டி கொதித்தால் வெளியேறுகிற வாயுவோடு மணமும் போய்விடும், மீந்து நிற்பது வெறும் சாராய வாடை. எனவே கீழே ஆலை போட்டால் குளிரூட்டும் இயந்திரமும் கரண்ட் பில்லும் முதல் செலவு. மேலே கம்பமெட்டில் பாதிக் குளிர் சும்மா கிடைக்கிறது.

கடைசியாக, கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு பொங்கி முடிப்பதற்குள் 40 லிட்டருக்கு மேல் இந்த வாயுவை விடும். காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். ஜன்னல் இல்லாத அறையில், குழியில், தொட்டிக்குள் இறங்கி ஆள் செத்த சம்பவங்கள் ஒயின் செய்கிற எல்லா நாட்டிலும் உண்டு. கணவன் மனைவி இரண்டே பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கப் போவார், அவரும் விழுவார். தரை மட்டத்தில் காற்று போக வழி வைத்துத்தான் அறையைக் கட்டவேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

---

மேகமலைமகள் எழுதியது:

நான் இதற்கு எதிராகத்தான் எழுதப் போகிறேன், மன்னிக்கவும். குடியால் எங்கள் வீட்டில் இரண்டு பேரை இழந்திருக்கிறோம். தெருவுக்குத் தெரு கடை இருக்கிற நாட்டில் இன்னொரு பாட்டிலைச் செய்து தருவதற்கு ஒரு பெண்ணே முன்வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இயற்கை விவசாயம் என்ற நல்ல பெயர் அதன்மேல் ஒட்டுவது இன்னும் வருத்தம். பழத்தை உலர்த்தலாம், சாறாக்கலாம், ஜாம் போடலாம். ஏன் இதையே பிடித்துக்கொள்ள வேண்டும்? உங்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தீர்களா?

---

சுருளிக்கொடி எழுதியது:

மேகமலைமகள் அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்வியை நானும் அவரும் ராத்திரி ராத்திரியாகப் பேசியிருக்கிறோம். என் சொந்த அத்தை வீட்டிலும் குடி ஒரு ஆளைக் கொண்டுபோனது. அதனால் இதை லேசாகச் சொல்லவில்லை.

சாறு செய்து பார்த்தோம். திராட்சைச் சாறு நல்ல தொழில், அதை விடப் போவதும் இல்லை. ஆனால் சாற்றுக்கும் ஜாமுக்கும் பெரிய கம்பெனிகளோடு விலையில் மோதவேண்டும். உலர்த்தலாம் என்றால் பன்னீர் திராட்சையில் விதை. விதையுள்ள உலர்திராட்சையை யாரும் கேட்பதில்லை. ஒயினில் மட்டும்தான் ‘இந்தத் தோட்டம், இந்த வருடம், இந்தக் குடும்பம்’ என்பதற்கு விலை இருக்கிறது என்று நினைக்கிறேன். குடித்து விழுவதற்கு வாங்குகிறவன் இதை வாங்கமாட்டான், அவனுக்கு விலை கட்டாது. அதற்காக இது தீங்கே இல்லாத பொருள் என்று சொல்லமாட்டேன். பாட்டிலில் எச்சரிக்கை போடவேண்டும் என்று 2019 ஏப்ரலிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது, அது சரியான விதி.

வரன் விஷயம் உண்மை. ‘சாராயம் காய்ச்சுகிற குடும்பம்’ என்று ஒரு வாய் சொன்னால் போதும், அது ஓடும். மகள் பதினொன்றாவது படிக்கிறாள். அவளிடமே கேட்டோம். பார்ப்போம் என்றாள். அவள் மனசு முழுக்க ஒத்துக்கொள்ளும் வரை உரிமத்தில் கையெழுத்து இல்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

நொதித்தொட்டி அண்ணா, குளிர் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பந்தலை விட்டு மேல்தோட்டத்துப் பழத்தில் தொடங்கலாம் என்கிறீர்களா? தாட்பூட் பழத்தில் ஒயின் வருமா?

---

ரைன்கரை எழுதியது:

நான் கூடலூர்க்காரன், இப்போது இருப்பது ஜெர்மனியில், ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில். வார இறுதிகளில் ஒரு தம்பதியின் இயற்கை முறைத் திராட்சைத் தோட்டத்தில் கைவேலைக்குப் போவேன். நீங்கள் கேட்ட அதே மாதிரிக் குடும்பம். அவர்கள் பெயர் வேண்டாம், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வித்தியாசம், அவர்களுக்கு வருடத்துக்கு ஒரே வெட்டு. செப்டம்பரிலும் அக்டோபரிலும் அறுவடை; குளிர்காலத்தில் கொடி தூங்கும், அப்போதுதான் கவாத்து. நமக்கு வருடத்தில் இரண்டு, மூன்று வெட்டு. வரவு கூடுதல் என்று சந்தோஷப்படலாம், ஆனால் ஒயின் செய்கிறவருக்கு அது ஓய்வே இல்லாத வேலை. முந்தின வெட்டின் சாறு தொட்டியில் இருக்கும்போதே அடுத்த வெட்டு வந்து நிற்கும்.

வேலைப் பிரிவு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். அந்த வீட்டில் தொட்டியறை மனைவி கையில். ருசி பார்ப்பது, எப்போது மாற்றி ஊற்றுவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர். கணவர் டிராக்டர், கொடி, மருந்து. கணக்கும் அரசாங்கப் படிவமும் ஞாயிற்றுக்கிழமை இரவில் இருவரும் சேர்ந்து. என்னைப் போன்றவர்கள் அறுவடைக்குப் போவோம், ஆனால் மீதி நாட்களில் அவர்கள் செய்கிற வேலையில் பெரும்பகுதி கழுவுவதுதான். தொட்டி, குழாய், வடிகட்டி, பாட்டில், தரை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரில் நிற்பார்கள். ஒயின் அளவைவிடப் பல மடங்கு தண்ணீர் போகும். கம்பமெட்டில் கோடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதலில் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. அந்தக் குடும்பம் பிழைப்பது ஒயினின் தரத்தால் மட்டும் இல்லை. ஜெர்மனியில் ஒரு ஏற்பாடு உண்டு. திராட்சை விவசாயி தன் சொந்த ஒயினைத் தன் வீட்டு முற்றத்தில், சாதாரணச் சாப்பாட்டோடு, வருடத்துக்கு நாலு மாதம் வரை, நாற்பது இருக்கைக்குள் விற்கலாம். அதற்கு முழு உணவக உரிமம் தேவையில்லை. ஆஸ்திரியாவில் இந்த உரிமை 1784இல் இரண்டாம் ஜோசப் மன்னர் காலத்து ஆணையிலிருந்து வருகிறது. இருநூறு வருடத்துக்கு மேலாக விவசாயி தன் வாசலில் விற்கிறான்! நான் போகிற தோட்டத்தில் அந்த நாலு மாதத்தில்தான் வீட்டுக்குக் காசு வருகிறது. கடைக்குக் கொடுத்தால் பாதி விலை கடைக்காரனுக்கு.

நம் பக்கம்? தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறைக் கடை டாஸ்மாக் கையில். கேரளாவில் பெவ்கோ என்ற அரசு நிறுவனமும் கன்ஸ்யூமர்ஃபெட் என்ற கூட்டுறவு அமைப்பும். அந்த அலமாரியில் பெரிய கம்பெனி பாட்டில்களுக்கு நடுவே உங்கள் 500 பாட்டிலை யார் எடுத்துக் காட்டப் போகிறார்கள்? எனவே விதியைப் படிக்கும்போது உற்பத்திப் பிரிவை விடுங்கள், விற்பனைப் பிரிவை முதலில் படியுங்கள். கலால் அதிகாரியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘என் தோட்டத்துக்கு வருகிறவருக்கு நான் நேராக ஒரு பாட்டில் விற்கலாமா, ஒரு குவளை ருசி காட்டலாமா’ என்பது. அதற்கு எழுத்தில் ஆமாம் என்று பதில் வந்தால் இறங்குங்கள். தேக்கடிக்கு வருகிற கூட்டம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

---

நொதித்தொட்டி எழுதியது:

ரைன்கரை சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். நாசிக்கில் பெரிய ஆலைகளே தோட்டத்தில் ருசிக்கூடம் வைத்துத்தான் பெயர் எடுத்தன.

சகோதரி, தாட்பூட் பழத்துக் கேள்விக்கு வருகிறேன். வரும். நல்லாவே வரும். ஆனால் அது திராட்சை மாதிரி அப்படியே பிழிந்து வைக்கிற பழம் இல்லை. புளிப்பு கடுமை. தண்ணீர் சேர்த்தே ஆகவேண்டும். தண்ணீர் சேர்த்தால் சர்க்கரை போதாது. ஒரு கணக்கைப் பாருங்கள்.

100 லிட்டர் தொட்டி. 25 லிட்டர் சாறு. பழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சாறு, எனவே 75 கிலோ பழம். சாறு 14 பிரிக்ஸ் என்று வைத்தால் அதில் ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ சர்க்கரை இருக்கும். 11 சதவீத ஆல்கஹாலுக்கு 100 லிட்டரில் 18.7 கிலோ வேண்டும். மிச்சம் 15 கிலோ நீங்கள் போடவேண்டும். வண்டல் கழித்தால் 90 லிட்டர், அதாவது 120 பாட்டில்.

இந்த 15 கிலோவில்தான் இயற்கைச் சான்று மாட்டும். பழம் மட்டும் இயற்கை என்றால் போதாது, பொருளில் 95 சதவீதம் சான்று பெற்ற மூலப்பொருளாக இருந்தால்தான் முத்திரை. சாதாரண வெள்ளைச் சீனியைப் போட்டால் பாட்டிலில் ‘இயற்கை’ என்று எழுத முடியாது. சான்று உள்ள நாட்டுச்சர்க்கரை வாங்கவேண்டும். மறையூர் வெல்லம் பக்கத்தில்தான், 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் வெல்லத்தின் நிறமும் வாசமும் தாட்பூட் மணத்தை அமுக்கும். வெல்லம் போட்ட ஒயின் வேறு ஒரு பானம், அதற்கும் ரசிகர் இருப்பார்கள். முதல் தொட்டிக்கு நான் சான்று பெற்ற வெளுத்த சர்க்கரையைத்தான் சொல்வேன்.

ஈஸ்ட்டை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். பழத்தோலில் இருக்கிற காட்டு ஈஸ்ட்டே போதும் என்று சிலர் சொல்வார்கள். அனுபவம் வந்தபிறகு முயற்சி செய்யலாம், முதல் வருடமே வேண்டாம்.

---

ராயப்பன்பட்டி எழுதியது:

பந்தலை ஒதுக்கிவிட்டு எல்லோரும் மலையேறிவிட்டீர்கள். திராட்சைக்காரன் பேச்சையும் கேளுங்கள்.

எங்கள் ஊரில் கோயில் பூசைக்கு ஒயின் என்றால் என்ன என்று சின்ன வயசிலிருந்தே தெரியும். திருப்பலி ஒயின் திராட்சையில் இயற்கையாக வந்ததாக, கெடாததாக இருக்கவேண்டும் என்று 1983 திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. பலாப்பழத்திலோ தாட்பூட்டிலோ செய்ததை பீடத்தில் வைக்க முடியாது. டிசம்பர் வந்தால் கேரளாக்காரர்கள் பன்னீர் திராட்சையைத் தேடி நம் ஊருக்கு வருகிறார்கள். ஆக, திராட்சைக்கு இருக்கிற மதிப்பு வேறு பழத்துக்கு வராது.

ஆனால் சுருளிக்கொடி தங்கச்சி, உன் பந்தல் இயற்கை முறை என்கிறாயே, செவட்டைக்கு என்ன செய்கிறாய்? இதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் போதும். செவட்டை வந்தால், அதாவது அடிச்சாம்பல், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை விட்டால் வேறு கதி இல்லை. அது இயற்கை முறையில் அனுமதி உள்ளதுதான். பிரான்சில் 1880களில் இதே நோய்க்காகக் கண்டுபிடித்தது. ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு மண்ணை விட்டுப் போகாது. மண்புழு குறையும்.

ஐரோப்பாவில் இயற்கை விவசாயிக்கும் ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள். ஹெக்டேருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ செம்பு. வருடத்துக்குச் சராசரி 4 கிலோ, ஏக்கருக்கு 1.6 கிலோ. மயில்துத்தத்தில் கால்பங்குதான் செம்பு, எனவே ஏக்கருக்கு வருடம் ஏறக்குறைய ஆறரைக் கிலோ துத்தம். நாம் ஒரு சதவீதக் கலவையை ஏக்கருக்கு 400 லிட்டர் அடித்தால் ஒரே அடிப்பில் 4 கிலோ போய்விடும். ஒன்றரை அடிப்போடு வருடக் கணக்கு முடிந்தது! வருடத்தில் இரண்டு கவாத்து, இரண்டு மழை. எத்தனை முறை அடிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் மனசாட்சியோடு எண்ணிப் பார்க்கட்டும். நான் இதைக் குறை சொல்ல எழுதவில்லை. மழைக்காலத்து வெட்டை விட்டுவிட்டு வெயில் காலத்து வெட்டை மட்டும் ஒயினுக்கு வைத்தால்தான் நம் ஊரில் நிஜமான இயற்கைத் திராட்சை வரும் என்று சொல்ல எழுதுகிறேன்.

கவாத்து முடிந்ததும் மொட்டு உடைய ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிற பழக்கமும் உண்டு. அது இயற்கை முறையில் கூடவே கூடாது.

---

ரைன்கரை எழுதியது:

ராயப்பன்பட்டி அண்ணே, அந்தச் செம்புக் கணக்கு சரி. நான் போகிற தோட்டத்திலும் இதுதான் பெரிய கவலை. அதனால் நோய் தாங்குகிற புது ரகங்களை, ரீஜென்ட், சோலாரிஸ் என்று, கொஞ்சம் கொஞ்சமாக நடுகிறார்கள். நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்று ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாமே? உங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரிதானே.

---

ஏலத்தோட்டம் எழுதியது:

மேல்தோட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஏலத்துக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறோம் என்று இடுக்கியில் எல்லோருக்கும் தெரியும். சுருளிக்கொடி அக்கா தன் தோட்டத்தில் அடிக்காமல் இருக்கலாம். மேல் சரிவில் பக்கத்துக் காட்டுக்காரர் பவர் ஸ்ப்ரேயர் எடுத்தால் காற்று எல்லை பார்க்காது. தாட்பூட் கொடி சரிவில் கீழே இருந்தால் மழைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். ஆய்வுக்கு அனுப்பிய பழத்தில் எச்சம் வந்துவிட்டால் சான்றும் போச்சு, பெயரும் போச்சு.

தனியாகச் சான்று வாங்குவது செலவு. பங்கேற்பு முறையில், பிஜிஎஸ் என்பது, பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து குழு வைத்தால் ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துச் சான்று சொல்லலாம். உள்ளூர்ச் சந்தைக்கு அது செல்லும். பக்கத்துக் காட்டுக்காரரையே குழுவில் சேர்த்துவிட்டால் மருந்துக் காற்றுப் பிரச்சினையும் அதோடு தீரும். ஏற்றுமதி நினைப்பு இருந்தால் மூன்றாம் தரப்புச் சான்றுதான். அதில் நிரந்தரப் பயிருக்கு மூன்று வருடம் மாற்றுக்காலம், ஒயின் செய்கிற அறைக்கும் சேர்த்துச் சான்று வேண்டும்.

---

மேகமலைமகள் எழுதியது:

என் கருத்து மாறவில்லை. ஆனால் மகளிடம் கேட்டோம் என்று எழுதியிருந்தீர்கள், அது என் மனதைத் தொட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலிக்குப் பதிலாகவோ கூலியோடு சேர்த்தோ ஒரு சொட்டுக் கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆரம்பித்தது அப்படித்தான்.

---

சுருளிக்கொடி எழுதியது:

அக்கா, அதை எழுதியே சுவரில் ஒட்டுகிறேன். வேலையாட்களுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. சத்தியம்.

எல்லோருடைய பதிலையும் அவரும் நானும் சேர்ந்து படித்தோம். நேற்றுச் சாயங்காலம் மேல்தோட்டத்துக்குப் போய் எந்தச் சரிவு, எந்தத் தண்ணீர், அறை எங்கே என்று நடந்து பார்த்தோம். எங்கள் முடிவு இப்போதைக்கு இப்படி.

பந்தலைச் சாறுக்கும் பழத்துக்கும் விடுகிறோம். மழைக்காலத்து வெட்டு முழுக்கச் சந்தைக்கு. வெயில் காலத்து வெட்டில் ஒரு ஓரத்தை மட்டும் கொத்து கிள்ளி, 21 பிரிக்ஸ் வருகிறதா என்று பார்ப்போம். அது எங்களுக்குக் கற்றுக்கொள்ள. இதில் ஒயின் இல்லை, பிரிக்ஸ் மீட்டர் மட்டும். துத்தம் எத்தனை கிலோ போகிறது என்று இந்த வருடம் நோட்டில் எழுதி வைக்கப் போகிறோம். ராயப்பன்பட்டி அண்ணே, உங்கள் கணக்கைப் படித்துவிட்டு அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. எங்கள் பந்தலில் அந்த எல்லைக்குள் நிற்க முடியும் என்று காட்டவேண்டும், இல்லாவிட்டால் திராட்சையில் இயற்கை என்ற சொல்லை எடுக்கமாட்டோம்.

ஒயின் என்றால் மேலே, தாட்பூட் பழத்தில். கிணறு மாசி வரை தாங்குகிறது. பங்குனி, சித்திரைக்கு மழைநீர்த் தொட்டி கட்டவேண்டும். பழம் அதிகம் வருகிற மாதங்களில் தண்ணீரும் இருக்கிறது என்பது ஒரு நிம்மதி. அறையை நிலத்துக்கு மேலேயே கட்டுவோம், தரையோடு காற்று வழி. தொட்டியறை என் பொறுப்பு, தோட்டம் அவர் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். உரிமம் யார் பெயரில் என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. நிலம் அவர் பெயரில், வேலை என் கையில். என் பெயரும் அதில் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன், அவருக்கும் மறுப்பு இல்லை, காகிதம் எப்படி என்றுதான் பார்க்கவேண்டும்.

வரும் வாரம் கலால் அலுவலகத்துக்குப் போகிறோம். ரைன்கரை தம்பி சொன்ன கேள்வியை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குவோம். தோட்டத்து வாசலில் விற்க முடியாது என்று பதில் வந்தால், சொல்கிறேன், நாங்கள் இறங்கமாட்டோம். சாறோடு நிற்போம்.

ஏலத்தோட்டம் தம்பி, குழுவுக்கு ஆள் சேர்க்கவேண்டும். மேல் சரிவு ஜோஸ் சேட்டனிடம் நான் மலையாளத்தில் பேசினால் சிரிப்பார், நீ வந்து பேசுகிறாயா?

---

ஏலத்தோட்டம் எழுதியது:

வருகிறேன் அக்கா. அவர் மருந்துச் செலவைப் பற்றி இப்போதெல்லாம் புலம்புகிற ஆள், நேரம் பார்த்துப் பேசினால் காது கொடுப்பார். என்னோடு சேர்த்தால் நாலு பேர் ஆகும். சந்தன்பாறை வேளாண் அறிவியல் நிலையத்தில் பழப் பதப்படுத்தும் பயிற்சி எப்போது என்று விசாரித்து வைக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள்.

எல்லையில் சீமைக்கொன்னைக் கம்பு நடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜூனில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் நட்டால் அடுத்த வருடத்துக்குள் வேலி அடர்ந்து மருந்துக் காற்றைப் பாதிக்காவது தடுக்கும். கம்பு என் காட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம், ஜீப்பை மட்டும் அனுப்புங்கள்.